மிச்சம் எங்கடா?

அறந்தாங்கியில் திருச்சி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் லீவுக்கு வந்திருந்த சவுதிக்காரர். மடியில் இருந்த வெள்ளி நிற லேப்டாப்பை ஸ்டாப்புக்கு ஸ்டாப் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

நானும் அதைத்தான் வாங்க நினைத்திருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எடையே தெரியாதுங்க. காலையில சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் நிக்கும்.”

“குறையே இல்லையா?”

“பென்டிரைவ் சொருக எடமில்ல. அதுகூடப் பரவால்ல.” குரலைத் தாழ்த்தினார். “ரொம்பச் சன்னமா இருக்குங்க. ‘மூடி இருக்கு, மிச்சம் எங்கடா?’ன்னு எங்கண்ணன் கேட்டுட்டாரு. இப்ப மாமனார் வீட்டுக்குல்ல கொண்டுட்டுப் போறேன்! அதான் இந்த ஏற்பாடு.”

காலடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. கயிறு கட்டி, பட்டையாகப் பெயர் எழுதியிருந்தது.

“உள்ள என்னங்க?”

“ரெண்டு கம்பளி. எறங்குனதும் லேப்டாப்ப நடுவுல வச்சுக் கட்டிருவேன்.”

திருக்கோகர்ணத்தில் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். லேப்டாப் சீட்டிலேயே கிடந்தது. கூப்பிட்டு ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“பெட்டிதான் பத்திரமா இருக்கேன்னு இருந்துட்டேங்க” என்று சிரித்தார்.

அடுத்த வாரம் அதே லேப்டாப்பை வாங்கினேன். எல்லாம் திருப்திதான். ஆனால் கடையை விட்டு இறங்கும்போது, “பெரிய அட்டைப்பெட்டி ஏதாவது கிடக்குதாங்க?” என்று கேட்டுவிட்டேன்.