விளக்கில் தொங்கிய துண்டு

சென்ற வெள்ளிக்கிழமை காலை என் வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. ஊதல் ஒலிக்கவில்லை. ஆயர் ஈத்தாம் சாலையில் ஊதாமல் நிற்கும் மோட்டாரை நான் கண்டதில்லை. டிரைவர் மாணிக்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"ராவுத்தரண்ணே போயிட்டாருங்க, ஐயா."

"எந்த மோட்டாரில்?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"மோட்டார் இல்லீங்க. படுக்கையிலதான். சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனாங்களாம், எழுந்திரிக்கல."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காதர் ராவுத்தர் சாலையில்தான் மாண்டுபோவார் என்று பல வருடங்களாக அஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த அச்சம் பொய்த்துப்போனதில் ஆறுதல் அடைவதா, அழுவதா என்று தெரியவில்லை. இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதும் ஐயமே. அவரை நன்கறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர் தேநீர்க் கடைக்கு எதிரே குடியிருந்து, ஒவ்வொரு ஊதலுக்கும் திடுக்கிட்டவன் நான் ஒருவன்தான். நினைவில் உள்ளதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் கடை திறந்த காலத்தில் சாலையில் குதிரை வண்டிகள்தான். மலையடிவாரம் போகிறவர்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்ட அங்கே நிறுத்துவார்கள். மழை நாட்களில் வண்டியை விட்டு இறங்க மனமில்லாதவர்களுக்கு ராவுத்தர் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுப்பார். தொடக்கம் அவ்வளவே. பிறகு மலைக்கு ரயில் வந்தது. அதைப் பார்க்க மோட்டார்கள் வந்தன. கடை வாசலில் நின்று ஊதினால் ராவுத்தர் வருவார் என்பது பட்டணம் முழுக்கப் பரவிவிட்டது. ஓர் ஊதல் என்றால் தேநீர், இரண்டு என்றால் கோப்பி. நீளமாக ஊதினால் ரொட்டியும் வேண்டும். இந்த ஏற்பாட்டை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு மோட்டாரென்றால் பயம். அந்தச் சாலையைத் தாண்ட நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ராவுத்தர் ஒரு பானைத் தேநீரை விற்றுவிடுவார். ஒருநாள் அவரிடமே சொன்னேன்: "குதிரை மனிதனைக் கண்டால் ஒதுங்கும். இது ஒதுங்காது. நீர் ஏன் தெருவில் இறங்கி நிற்கிறீர்? வேண்டியவர்கள் உள்ளே வரட்டுமே."

அவர் அப்போது நின்றிருந்த ஒரு மோட்டாரைக் கண்ணால் காட்டினார். அதன் சன்னல்களில் பச்சைத் திரை. உள்ளே ஒரு வியாபாரி வீட்டு அம்மாள். திரை விலகாமல் ஒரு கை மட்டும் வெளியே வந்து கோப்பையை வாங்கியது.

"அந்தம்மா நம்ம கடைக்குள்ள வந்து பெஞ்சுல உக்காருமா, கிராணியாரே? உள்ள வர முடியாதவங்களுக்குக் கடதான் வெளிய போகணும்."

நான் நெடுநாள் கப்பல் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். எதையும் முறைப்படி செய்யப் பழகியவன். ஆனால் இப்படி ஒரு முறை எனக்குத் தோன்றியிருக்காது.

முறை என்றதும் துண்டைச் சொல்ல வேண்டும். பலர் கோப்பைகளை மோட்டாரின் படிப்பலகையிலேயே வைத்துவிட்டு மறந்துபோவார்கள். மோட்டார் நகரும், கோப்பை உடையும். கோப்பையை எடுக்கக் குனிந்திருக்கும்போது மோட்டார் நகர்ந்தால் உடைவது கோப்பை மட்டும் அல்ல. ஆகவே ராவுத்தர் தம் தோள் துண்டை முன்விளக்கின்மேல் போட்டுவிடுவார். துண்டு கிடக்கும்வரை மோட்டார் அசையக் கூடாது. கடைசிக் கோப்பை கைக்கு வந்த பிறகு அவரே துண்டை எடுப்பார். போட்ட கைதான் எடுக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார்களின் டிரைவர்கள்கூட இதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மழை பெய்த ஒரு மாலையில் விபத்து நடந்தது. சாலையைத் தாண்ட அஞ்சி நான் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தேன். பச்சைத் திரை மோட்டார் நின்றிருந்தது. அதன் டிரைவர் மாணிக்கம் இருக்கையில் இருந்தார். அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு கேட்டது. ராவுத்தர் குழாயடியில் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு, ஈரக் கையோடு வந்து, பழக்கதோஷத்தில் விளக்கின்மேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கும்போதே படிப்பலகையில் ஒரு கோப்பை மீதமிருப்பதைப் பார்த்துவிட்டார். பின்சக்கரத்தின் அருகே குனிந்தார்.

மாணிக்கத்தின் கண்ணுக்கு விளக்கில் துண்டு இல்லை. அவர் வண்டியைக் கிளப்பினார்.

ராவுத்தரின் கைலி படிப்பலகையின் ஓரத்தில் சிக்கியது. அவர் விழுவதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மழைச் சத்தத்தில் அவர் குரலும் எழவில்லை. சக்கரம் அவர் காலை நோக்கி உருண்டது. அப்போது பச்சைத் திரை முழுவதுமாக விலகியது. அன்னியர் காதில் ஒரு சொல்லும் விழ விடாத அந்த அம்மாள், முக்காடு நழுவ, பாதி உடல் வெளியே தெரிய, டிரைவரின் தோளில் ஓங்கி அறைந்தார்.

"நிறுத்துப்பா மாணிக்கம். சக்கரத்துல ஆளு கெடக்கு."

மோட்டார் நின்றது. சக்கரம் ராவுத்தரின் பாதத்தின்மேல் ஏறியிருந்தது. இடுப்புக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "கிராணியாரே, இனிமே அவுங்க ரோட்டுல எறங்க வேணாம்னு சொல்லுங்க. ஊதல் கேட்டாலே எனக்கு உசிரு போவுது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னேன். காலில் கட்டோடு படுத்திருந்தவர் சிரித்தார்.

"நீங்க ரோட்டத் தாண்டவே நாகூருக்கு நேர்ந்துக்குற ஆளு. உங்ககிட்டயா நான் யோசன கேக்குறது?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்துவிட்டார். பிறகு ராவுத்தர் குரலைத் தாழ்த்தினார். "பயமில்லன்னு நான் எப்ப சொன்னேன்? ஒவ்வொரு தடவ குனியறப்பவும் முதுகு கூசும். பயந்தவன்தான் துண்டு போடுவான் லா. தப்பு என்னோடது. தொடைக்கிற துண்டும் விளக்குத் துண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது."

மாணிக்கத்தை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று அந்த அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார். வீடு திரும்பியதும் சிவப்புத் துணியில் தனித் துண்டுகள் தைக்கச் செய்தார். அவை விளக்குக்கு மட்டுமே. பிறகு நொண்டிக்கொண்டே சாலையில் இறங்கினார். அதன்பின் அவர் குனியும்போதெல்லாம் நான் என் சன்னலிலிருந்து சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். அவர் மனைவியும் கடைக்குள்ளிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அவரைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். சாலையின் இரு ஓரமும் மோட்டார்கள். ஒன்றுகூட ஊதவில்லை. ஒவ்வொரு முன்விளக்கின்மேலும் ஏதோ ஒரு துணி கிடந்தது. கைக்குட்டை, வண்டி துடைக்கும் கந்தல், ஒரு சீன டிரைவரின் கழுத்துத் துணி. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை என்றார்கள். சந்தூக்கின் பின்னால் நடக்க நான் சாலையைத் தாண்ட வேண்டியிருந்தது. துணிகளைப் பார்த்துக்கொண்டே தாண்டினேன்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்ததும் டிரைவர்கள் அவரவர் துணியை எடுத்தார்கள். மோட்டார்கள் நகர்ந்தன. பச்சைத் திரை மோட்டார் மட்டும் நின்றது. அதன் விளக்கில் ராவுத்தரின் சிவப்புத் துண்டு. காலையில் வந்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. முந்தின மாலை அவரே போட்டதாம். நெஞ்சு அடைக்கிறது என்று உள்ளே போனவர் திரும்பி வந்து எடுக்கவில்லை. கோப்பையைத் தாமே கடையில் கொடுத்துவிட்டு, துண்டைத் தொட மனமில்லாமல் அப்படியே வண்டியை மெதுவாக ஓட்டிப்போனதாக மாணிக்கம் சொன்னார்.

"இப்ப என்னங்க ஐயா செய்யறது? போட்ட கைதானே எடுக்கணும்."

திரைக்குள்ளிருந்து அந்தக் குரலை இரண்டாம் முறையாகக் கேட்டேன். "இருக்கட்டும் மாணிக்கம். பைய ஓட்டு."

மோட்டார் நகர்ந்தது. சிவப்பு, சாலை வளைவு வரை அசைந்துகொண்டே போயிற்று.

ராவுத்தரே, இனி நீங்கள் குனிய வேண்டியதில்லை. நான் இன்னும் இந்தச் சாலையைத் தாண்ட வேண்டும்.