அக்கா பேரில் இருந்த நம்பர்

நாற்பத்துமூன்று வயதுவரை பூரணிக்கு அடையாள அட்டை கிடையாது. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தாள், அங்கேயே கொழுந்து எடுத்தாள், அங்கேயே புருஷனைப் புதைத்தாள். ஆனால் அவள் பிறந்ததை யாரும் பதியவில்லை. பதியாதவள் பிறக்காதவளாம்! இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். மலையகத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் அப்போது லயத்துக்கு ரெண்டு பேராவது இப்படி இருந்தார்கள்.

அட்டை இல்லாவிட்டால் சிம் கிடைக்காது. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போயிருந்தாள் மகள் நிரூபா. அவள் குரலைக் கேட்காமல் பூரணிக்குச் சோறு இறங்கவில்லை. அதே லயத்தில் நாலு காம்பரா, அதாவது நாலு அறை, தள்ளியிருந்த தனலெட்சுமிதான் தன் அட்டையை எடுத்து நீட்டினாள். கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை அவளுக்கு.

"இந்தா, ஏம் பேர்ல எடுத்துக்க. எங்க ஜீவராஜும் இதுலயே பேசட்டும்" என்றாள்.

அவ்வளவுதான். லயத்தில் ஒரு கிண்ணம் சீனி கொடுப்பதுபோலப் பெயரையும் கொடுத்துவிட்டாள். அதில் ஆபத்து இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு மாலையில் முதலில் நிரூபா பேசுவாள், பிறகு தனலெட்சுமியின் மகன் ஜீவராஜ் பேசுவான். அம்மாக்கள் இருவரும் ஒரே போனில் மாறி மாறிக் காது வைப்பார்கள்.

2008ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை. ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு பூரணி பஸ்ஸில் நெருக்கியடித்து வந்தாள். கொட்டகலையில் இறங்கிப் பார்த்தால் பை பிளேடால் கிழிந்திருந்தது. அரிசி இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, போனைக் காணோம். கடைவீதியில் காசு கொடுத்துப் போன் பேசும் நல்லமுத்துவின் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினாள்.

அவர் அவளுடைய நம்பரை அடித்துக் கொடுத்தார். மணி போனது. ஒரு ஆண் குரல் சிங்களத்தில் ஏதோ கேட்டது. "ஐயா, அது ஏம் போனுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டான்.

"பேங்கு நம்பர் கிம்பர் எதுவும் அதுல போட்டு வச்சிருந்தியா?" என்று நல்லமுத்து கேட்டார்.

"அட்டை இல்லாதவளுக்கு ஏது மொதலாளி பேங்கு?"

"அப்ப சிம் யாரு பேர்ல?"

பூரணி சொன்னாள். நல்லமுத்துவின் முகம் மாறிவிட்டது.

"அடிப் பாவி! காலம் கெட்டுக் கெடக்கு. அவன் அத வச்சு என்னா செஞ்சாலும் பொலிஸு தேடி வர்றது தனலெட்சுமி வீட்டுக்குத்தான். போன் போனாப் போகட்டும், மொதல்ல நம்பர நிப்பாட்டு. அதுக்கு அந்தம்மா அட்டையோட நேர்ல வரணும்."

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், தமிழ்ப் பெயர் என்றாலே சந்தேகம். ஜீவராஜ் கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றவன், முந்தைய வருஷம் சுற்றிவளைப்பில் பிடிபட்டு மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தான். அந்த மூன்று வாரமும் தனலெட்சுமி இருந்த இருப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் பூரணி. இனி அவளையே கூட்டிக்கொண்டு போனால்?

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயமும் வெட்கமும் வாயைக் கட்டிப்போட்டன. அன்று முழுக்க, மறுநாள் பகல் முழுக்க, தனலெட்சுமியின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தனலெட்சுமி தானாகவே வாசலில் வந்து நின்றாள்.

"என்னாடி, புள்ளைக இன்னும் கூப்புடலையா?"

"போன் களவு போயிருச்சுக்கா" என்று அழுதாள் பூரணி. "நேத்தே போயிருச்சு. ஒங்க பேர்ல எவனோ பேசுறான்."

தனலெட்சுமி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாய் திறந்தாளே, லயமே வெளியே வந்து பார்த்தது. "நேத்தே சொல்றதுக்கு ஒனக்கு வாயில என்னாடி, கொழுக்கட்டையா? ஒரு முழு நாளு! ஏம் புள்ள பட்டது போதாதா?" திட்டி ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகாத. மொத பஸ்ஸுக்குப் போறோம்."

பொலிஸில் களவு போனதென்று என்ட்ரி போடும்போது, போன் யாருடையது என்று எழுதுகிறவர் கேட்டார். பூரணி ஒரு அடி முன்னால் வைத்தாள். தனலெட்சுமி அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "மகே" என்றாள். என்னுடையது என்று சிங்களத்தில் சொன்ன அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

ஹட்டனில் போன் கம்பெனிக் கடையிலிருந்த பெண் அட்டையையும் என்ட்ரித் துண்டையும் வாங்கிக் கம்பியூட்டரைப் பார்த்தாள். நேற்று மட்டும் அந்த நம்பரிலிருந்து பதினோரு அழைப்புகள் போயிருந்தன. நம்பரை அங்கேயே நிறுத்தினார்கள்.

"இதே நம்பருக்குப் புது சிம் தரலாம் அம்மா. உங்க பேர்லயே போடவா?"

"போடுங்க" என்றாள் தனலெட்சுமி.

"வேணாங்க" என்றாள் பூரணி.

"ஏன்டி? நிரூபா எங்க கூப்புடுவா?"

"நல்லமுத்து மொதலாளி கடைக்குக் கூப்புடட்டும். நா போயி நிக்கிறேன். ஒங்க பேரு ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா."

அதன்பிறகு ஞாயிறுதோறும் இருவரும் ரெண்டு மைல் இறங்கி நல்லமுத்து கடை வாசலில் காத்திருந்தார்கள். மழையென்றாலும் போனார்கள். அட்டைக்காகப் பூரணி அலைந்ததைச் சொல்லி மாளாது. கிராம சேவகரிடம் போனாள், தோட்டத்து ஆபீசுக்குப் போனாள், நுவரெலியாக் கச்சேரி என்கிற மாவட்ட ஆபீசுக்கு மட்டும் ஏழு தடவை போனாள். ஞானஸ்நானமா, பள்ளிக்கூடமா, எந்தப் பதிவிலாவது அவள் பெயர் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றிலும் இல்லை. கடைசியில் அவள் பிறந்தபோது கூட இருந்த கிழவி ஒருத்தி வந்து சத்தியக் கடதாசியில் பெருவிரல் பதித்த பிறகுதான் பிறப்புப் பதிவு கிடைத்தது.

2010இல் அட்டை வந்தது. வந்த வாரமே பூரணி ஹட்டனுக்குப் போய்ப் பழைய போன் ஒன்று வாங்கிச் சிம் எடுத்தாள். முதல் அழைப்பு மகளுக்குப் போகவில்லை. ஜீவராஜ் தன் அம்மாவுக்கு அந்த மாதம்தான் வாங்கிக் கொடுத்திருந்த போனுக்குப் போனது.

"யாரு?" என்றாள் தனலெட்சுமி.

"பூரணி பேசுறேங்க்கா. சிம் ஏம் பேர்ல எடுத்தாச்சு." பஸ் ஸ்டாண்டின் இரைச்சலுக்கு மேலே அவள் கத்தினாள். "இனி இந்த போன் தொலைஞ்சா பொலிஸு ஏங்கிட்டதான் வரும்!"

அவ்வளவு பெருமை அந்தக் குரலில். மறுமுனையில் தனலெட்சுமி அழுதுகொண்டிருந்தாள்.