காசநோயாளி மட்டும்

கலைச்செல்விக்குக் கம்ப்யூட்டரைத் திட்டும் பழக்கம் கிடையாது. "நாம என்ன கேக்கோமோ அதத்தான் அது தரும்" என்பாள். தாராவியில் பிறந்து வளர்ந்து செம்பூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அந்தப் பேச்சே ஒருநாள் அவள் நெஞ்சை அறுக்கப் போகிறது என்று யார் கண்டார்கள்?

கம்பெனி ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்திருந்தது. அதில் நோயாளி என்று ஒரு வகை. அதன் கீழ் காசநோயாளி. அதற்கும் கீழே, சாதாரண மருந்துக்கு மசியாத காசநோயாளி. தகவல்களைத் தேடி எடுத்துத் தரும் ஓ.ஆர்.எம். என்ற கருவியிடம் காசநோயாளிகளைக் கேட்டால் கீழ் வகையையும் சேர்த்தே கொடுக்கும். 'அந்த வகை மட்டும்' என்று கேட்டால் கீழே இருப்பவர்களை விட்டுவிடும்.

காசநோய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை ஈரலைக் கெடுப்பதாகத் தெரிய வந்தது. காசநோயாளிகள் அத்தனை பேருக்கும், "மாத்திரையை நிறுத்துங்கள், உடனே வாருங்கள்" என்று மெசேஜ் போக வேண்டும். கலைச்செல்விதான் எழுதினாள். 'மட்டும்' போட்டாள். சோம்பலால் இல்லை, பயத்தால். முன்பு இப்படி நோயின் பெயரோடு வந்த ஒரு மெசேஜைப் பார்த்துத்தான் அவள் தம்பி இசக்கிதுரையைத் தோல் பட்டறையிலிருந்து துரத்தினார்கள். சம்பந்தமில்லாத எவன் போனுக்கும் அந்த நோயின் பெயர் போய்விடக் கூடாது என்று கேள்வியை இறுக்கினாள். தம்பியே கீழ் வகையில் இருப்பது அந்த நேரம் பாவி மகளின் புத்தியில் உறைக்கவில்லை.

வீட்டில் இசக்கிதுரை கேட்டான். "எக்கா, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மாத்திர வேண்டாம்னு மெசேஜ் வந்துருக்காம். எனக்கு வரலியே? திங்கவா, வேண்டாமா?"

"ஒனக்கு வரலன்னா ஒனக்கு இல்லன்னு அர்த்தம்ல. எழுதுனதே நாந்தான். பேசாம முழுங்கு."

அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை. விழுங்கினான். வாந்தி வந்தது, வெயில் சூடு என்று மோர் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகி நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"மெசேஜ் நஹி ஆயா க்யா?" மெசேஜ் வரவில்லையா என்று டாக்டர் இந்தியில் கேட்டபோதுதான் அவளுக்குத் தலையில் இடி இறங்கியது.

ஆபீசுக்கு ஓடினாள். கூட வேலை செய்யும் மாட்டுங்கா சாய்நாத் திரையைப் படித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கும்மா. மொதல்ல சரி பண்ணு. இன்னும் எத்தனை பேர் முழுங்கிண்டிருக்காளோ" என்றார்.

கேள்வியிலிருந்து 'மட்டும்' போனது. விடுபட்டவர்கள் எல்லோருக்கும் மெசேஜ் பறந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டர்கள் கையை விரித்திருந்தார்கள். தாய் மீனாட்சியம்மாள் மகனின் போனை நீட்டினாள்.

"ஏட்டி, இப்பதான் என்னமோ வந்துச்சி. பட்டறையில திரும்பக் கூப்புடுதாங்களா பாரு."

கலைச்செல்வி வாசித்தாள்.

"உடனே வரச் சொல்லுதாங்கம்மா."

மீனாட்சியம்மாள் மகனின் காதருகே குனிந்து அதைச் சொன்னாள்.