தங்க முனை கேபிளும் அடிவாரத்துச் சந்தனமும்

நடந்தவை, வரிசையாக:

1. மலைமேல் தலைச்சோலை போகும் வழியில் ஹோம்ஸ்டே நடத்துபவர் ஒருவர், வருகிறவர்கள் படம் பார்க்க ஒரு அறையை ஹோம் தியேட்டராக மாற்ற முடிவு செய்தார். ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், ப்ளேயர் எல்லாவற்றையும் பொருத்தித் தரும் வேலை எனக்கு.
2. ப்ளேயரிலிருந்து ப்ரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் கேபிளை மட்டும் அவரே சேலத்தில் ஒரு பெரிய ஷோரூமில் வாங்கினார். முனைகளில் தங்க முலாம். பெட்டிக்குள் வெல்வெட் துணி. கல்யாணத்துக்கு எடுத்த ஆரம் கூட அவ்வளவு மரியாதையாக மலை ஏறியிருக்காது.
3. ஏறுவதற்கு முன் அடிவாரத்துக் கோயிலில் காரை நிறுத்தினார். புதிதாக எது மலைக்குப் போனாலும் அங்கே ஒரு கற்பூரம் உண்டு. கேபிளுக்கும் காட்டினார்கள். இரண்டு முனைகளிலும் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.
4. நான் வேறு வேலையாகச் சேலத்தில் இருந்த வாரத்தில், அவருடைய மச்சினர் சுவரை வெட்டி, பைப் எதுவும் வைக்காமல் கேபிளை உள்ளே பதித்து, சிமெண்ட் பூசி, மேலே காபிச் செடி படம் போட்ட வால்பேப்பரும் ஒட்டிவிட்டார்.
5. வெள்ளிக்கிழமை காலை நான் வந்து இரண்டு முனைகளையும் செருகினேன். திரை முழுக்க நீலம். நடுவில் ‘சிக்னல் இல்லை’.
6. தப்பு என்னுடையது என்று முடிவானது.

ஆறாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதே மலையில் ஒண்டிக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு ரிசார்ட்டில் எட்டு அறைகளுக்கு டிவியும் ஸ்பீக்கரும் பொருத்தும் வேலையை நான் கேட்டிருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மலையிலேயே தொழில் செய்கிற எனக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் ஒற்றை அறைகள்தான். அந்த முதலாளி, “தலைச்சோலையில நீங்க செஞ்சதைச் சனிக்கெழமை வந்து பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றிருந்தார். சனிக்கிழமை என்பது மறுநாள். நீலத் திரையைப் பார்த்துவிட்டு யாரும் எட்டு அறைகளைக் கொடுப்பதில்லை.

“ஏனுங்க அம்மிணி, கேபிளு நொம்ப ஒசத்திங்க. அதுல குத்தம் இருக்காது” என்றார் ஹோம்ஸ்டேக்காரர்.

உயர்ந்த பொருளில் குற்றம் இருக்காது. மீதி இருந்தது நான்.

“இது உள்ள கண்ணாடி இழை வெச்சு வெளிச்சத்துல ஓடுற கேபிளுங்க. ஒரே பக்கமாத்தான் ஓடும். ஒரு முனை ப்ளேயருக்கு, இன்னொண்ணு ப்ரொஜெக்டருக்கு. மாறிப்போச்சுன்னா படம் வராது” என்றேன்.

மச்சினர் சிரித்தார். “ஒயருக்கு ஏதுங்க தலையும் வாலும்? இருவது வருசமா இந்த மலை பூரா ஒயரிங் பண்றேன். ஒரு ஒயரும் என்னையத் திருப்பிப் படுக்க வெய்யின்னு கேட்டதில்ல.”

ஹோம்ஸ்டேக்காரர் ஷோரூமுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். விற்றவர் கொஞ்சமும் அசரவில்லை. “புது கேபிள் சார். நூறு மணி நேரம் ஓடிப் பழகணும். அப்புறம் பாருங்க, கறுப்பெல்லாம் கறுப்பாவே தெரியும். மலையில ஈரம் வேற.”

பழகுவதற்கு முதலில் அது ஓட வேண்டுமே என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

“இருவது வளைவு ஏறி வந்திருக்குது. தலை சுத்தத்தான செய்யும்” என்றார் மச்சினர். கிண்டலாகத்தான் சொன்னார். ஹோம்ஸ்டேக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

எந்த முனை எதற்கு என்பதைக் கேபிளிலேயே எழுதியிருப்பார்கள். ப்ளேயர் பக்கத்து முனையைக் கையில் எடுத்தேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து பொருக்காக நின்றது. ஈரத்துணியை எடுத்ததும் ஹோம்ஸ்டேக்காரர் பதறினார். “சாமிகிட்ட வச்சதுங்க, தொடைக்காதீங்க!”

துடைக்கவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

அடியில் பொடி எழுத்தில் ‘டிஸ்ப்ளே’ என்றிருந்தது. ப்ரொஜெக்டரில் இருக்க வேண்டிய முனை ப்ளேயரில் இருந்தது. கேபிள் சுவருக்குள் தலைகீழாகப் படுத்திருந்தது. பைப் இல்லாததால் உருவித் திருப்பவும் வழியில்லை.

மச்சினர் அதைத் தூரத்தில் வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். “இம்புட்டுச் சின்னதா எழுதுனா யாருக்குங்க தெரியும்?”

“செவுத்த மறுபடி வெட்டிரலாங்களா?” என்று கேட்டேன்.

“ஐயோ, செவுத்துல கை வெக்கக் கூடாதுங்க” என்றார் ஹோம்ஸ்டேக்காரர். அவர் கண் வால்பேப்பரில் இருந்தது.

என் பையில் ஒரு சாதாரண கறுப்புக் கேபிள் இருந்தது. பத்து மீட்டர், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டியது. அந்தப் ப்ரொஜெக்டருக்கு அது போதும். சுவரும் கூரையும் சேரும் ஓரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோய்ச் செருகினேன். படம் வந்தது.

ஹோம்ஸ்டேக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “வருது. ஆனா கறுப்பு அத்தன கறுப்பா இல்லீங்களே.”

“லைட்டு எரியுதுங்க.”

லைட்டை அணைத்தார். “இப்பப் பரவால்ல” என்றார், எனக்காகப் பெரிய மனது பண்ணி.

சனிக்கிழமை ரிசார்ட் முதலாளி வந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. ஹோம்ஸ்டேக்காரர் அவரை நேராகச் சுவரோரம் கூட்டிப்போய், எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்த தங்க முனையை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். காலையிலேயே அதற்குப் புதிதாகச் சந்தனம் வைத்திருந்தார். “பாத்தீங்களா, தங்கமுங்க. அதான் படம் இப்பிடித் தெளிவா இருக்குது.”

நான் பேசாமல் இருக்க நல்ல காரணங்கள் இருந்தன. படம் வருகிறது. வந்தவருக்குப் பிடித்திருக்கிறது. இது அவர் வீடு. பேசுவதற்கு இருந்தது ஒரே காரணம்: எட்டு அறைகளிலும் ரிசார்ட் முதலாளி இதே கேபிளைப் போடச் சொல்வார், யாராவது அதைத் திருப்பிப் பதித்துப் படம் வராமல் போகிற அறைக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும்.

“அது எதுலயும் செருகலைங்க. மேல ஓரமாப் போற அந்தக் கறுப்பு ஒயர்லதான் படம் வருது” என்றேன்.

மச்சினர் வால்பேப்பரில் ஏதோ கொப்புளம் இருப்பதைக் கண்டுபிடித்து அதை நீவத் தொடங்கினார். ரிசார்ட் முதலாளி ப்ளேயரிலிருந்து கூரை வரைக்கும் கறுப்பு ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து போனார்.

“தங்கத்துல வராதுங்களா?”

“திருப்பிப் போட்டா வருமுங்க. இதே படம்தான் வரும்.”

யோசித்தார். அறிவியல் ஜெயித்தது என்று நான் ஒரு நொடி நினைத்தேன்.

“அப்பப் படத்துக்கு உங்க ஒயரையே போட்டுருங்க” என்றார். “ஆனா ரூமுக்கு ஒண்ணு அந்தத் தங்கமும் தொங்கட்டுங்க. வர்றவங்க கேப்பாங்க.”

எட்டு அறைகளும் முடிந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கேபிள் வேலை செய்கிறது, ஒரு தங்கக் கேபிள் தொங்குகிறது. ஹோம்ஸ்டேக்காரர் அன்றைக்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அங்கே இப்போது எல்லாம் மச்சினர்தான். அவர்களுடைய கேபிள் இன்னும் சுவருக்குள் தலைகீழாக இருக்கிறது. என்னுடையதை அவர்கள் கழற்றவில்லை.