நீலப் பொத்தானுக்கு விட்ட இடம்

என் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'பொத்தான் டீச்சர்' என்று பெயர். தனிம அட்டவணையைத் தொடங்கும் நாளில் அவள் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டாள். அப்பாவின் தையல் கடையிலிருந்து பொத்தான்களை அள்ளி வந்து மேசைமேல் வெள்ளைத் துணியில் அடுக்குவாள். ஒரு வருடம் நானும் அந்த வகுப்பில் இருந்தேன்.

மேலிருந்து கீழே ஒரே நிறம், ஒரே குடும்பம். கீழே இறங்க இறங்கப் பொத்தான் பெரிதாகும். இடமிருந்து வலமாகப் போகப் போகச் சிறுக்கும்.

"அணுவும் இப்படித்தான். வலப்பக்கம் போகப் போக நடுவுல இருக்கிற கருவோட இழுப்பு கூடும். அணு சுருங்கிடும்" என்பாள்.

அந்த வருடம் அம்மாவுக்குத் தூரத்து ஊரில் தலைமையாசிரியை பதவி கிடைத்தது. "கடையைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வர முடியுமா?" என்றார் அப்பா. "அப்ப நான் மட்டும் போறேன்" என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு நின்றது. நான் தபால்காரி ஆனேன்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பசிக்கலேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இருக்காது.

பதவியை ஏற்பதா என்று அம்மா பதில் சொல்ல இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அட்டவணைப் பாடம். ரோஷத்தில் கடைப் பெட்டியைத் தொடாமல், வீட்டில் கிடந்த பழைய பொத்தான்களைக் கொண்டுவந்தாள். நீலக் குடும்பத்தில் நடுவே ஒன்று குறைந்தது. அந்த இடத்தை அப்படியே விட்டாள்.

"இங்க என்ன வரணும்? பார்க்காமலே சொல்லுங்க."

"நீலம் டீச்சர். மேல இருக்கிறதைவிடப் பெரிசு, கீழ இருக்கிறதைவிடச் சின்னது. இடப்பக்கத்துப் பச்சையைவிடவும் சின்னது" என்றாள் முன்பெஞ்சுக்காரி.

"அட்டவணையை எழுதினவரும் இப்படித்தான் இடம் விட்டு வெச்சார். பின்னால அதே குணத்தோட தனிமம் கிடைச்சுது."

மாலையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். அந்த அளவில் நீலம் இல்லை. அவர் கை மெல்லத் தன் சட்டைக்குப் போனது.

மறுநாள் வகுப்பு வாசலில் அப்பா நின்றார். சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஒரு பொத்தான் இல்லை. உள்ளே வந்து, துணியில் காலியாக இருந்த இடத்தில் நீலப் பொத்தானை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"தையல்காரரே இப்படிச் சட்டையைத் திறந்து போட்டுக்கிட்டு வந்தா ஊர் சிரிக்காதா?" என்று அம்மா நேராக அவரிடமே கேட்டாள்.

"சிரிக்கட்டும். காலி இடத்தைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியாது. மிஷினை வண்டியில ஏத்திடலாம். அந்த ஊர்லயும் ஜனங்க சட்டை போடுறவங்கதானே."

வகுப்பே சிரித்தது. அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீலப் பொத்தான் அட்டவணையிலேயே தங்கிவிட்டது. புது ஊரில், ஊசியில் நூல் கோக்கவே தெரியாத அம்மா, அப்பாவின் சட்டையில் ஒரு வெள்ளைப் பொத்தானைக் கறுப்பு நூலால் கோணலாகத் தைத்தாள். ஊருக்கெல்லாம் நேராகத் தைத்த அப்பா, அந்தச் சட்டை நைந்து போகும்வரை அதைப் பிரிக்கவே இல்லை.