ஆர்லீதாவுக்கு ஒத்துக்கொள்ளாத தண்ணீர்

எங்கள் கல்லூரி நீச்சல்குளத்துக்கு மூளை உண்டு என்று அடித்துச் சொல்வேன். அத்தனை வருடம் ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் கிடந்தது, ஆர்லீதா பிக்கன்ஸ் என்கிற கறுப்பினப் பெண் கோர்ட்டு உத்தரவோடு கல்லூரிக்குள் நுழைந்த அதே வாரம் விரிசல் விட்டுவிட்டது. தண்ணீரை வடித்து, 'பழுது' என்று பலகை மாட்டினார்கள். ஒரு கொத்தனார்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அறுபதுகளின் அலபாமாவில் சிமெண்டுக்கும் அவ்வளவு வைராக்கியம்.

அடுத்த வருடம், அவளைப் போலவே கறுப்பினப் பெண்ணான நானும் போய்ச் சேர்ந்தேன். விடுதியில் ஒரு தளம் முழுவதையும் எங்கள் இரண்டு பேருக்கே விட்டுவிட்டு, வெள்ளைக்காரப் பெண்கள் மற்ற தளங்களில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டார்கள். என்ன பெருந்தன்மை!

ஆர்லீதாவின் அம்மா, கல்லூரி இருந்த அதே ஊரில் ஊர்த் துணி வெளுப்பவர். ஊரில் இருந்த ஒரே பொதுக்குளம் வெள்ளையருக்கு என்பதால் அவள் அண்ணன் கிளைட் ஆற்றில் இறங்கினான். பிணமாகத்தான் வந்தான். அதற்குப் பிறகு அந்த அம்மா ஆற்றுப் பாலத்தைக்கூட மிதிப்பதில்லை.

கல்லூரியில் ஒரு சட்டம் இருந்தது: நீச்சல் தேர்வில் தேறாமல் பட்டம் கிடையாது. வெள்ளைப் பிள்ளைகளை ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போய் நீந்த வைத்தார்கள். அங்கே எங்களை வாசலிலேயே விரட்டிவிடுவார்கள். ஆர்லீதாவுக்கு ஊர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை தயாராக இருந்தது. பட்டம் ஒன்றுதான் பாக்கி. கடைசி வருடம் டீன் ஹாஸ்க்யூ அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா, கையெழுத்துப் போடு. தண்ணி உனக்கு ஒத்துக்காதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. நீந்தாமலே பட்டம்!"

"அந்த டாக்டர் என்னைப் பாக்கவே இல்லையே சார்."

"பாத்துத்தான் எழுதணுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உங்க சட்டையெல்லாம் எங்கம்மாதான் துவைக்கிறாங்க. அந்தத் தண்ணி மட்டும் எங்களுக்கு ஒத்துக்குதா சார்?"

கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"அடிப் பைத்தியமே! போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? உங்கம்மா முதுகு ஒடிஞ்சது இதுக்குத்தானா?"

"நீ போடுவியா?"

"கண்ண மூடிட்டுப் போடுவேன்."

"போட்டுக்க. எனக்கு ஒரு நோயும் இல்ல."

மறுநாளிலிருந்து தினமும் நீச்சல் வகுப்பு நேரத்துக்கு நீச்சல் உடையும் ரப்பர் தொப்பியுமாகப் போய், வறண்ட குளத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். பையன்கள் வேர்க்கடலைத் தொலியை அவள்மேல் வீசினார்கள். துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பிறகு இரண்டு வெள்ளைப் பெண்கள்கூடத் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். படம் பேப்பரில் வந்தது. கல்லூரிக்குத் தரும் அரசு நிதியை நிறுத்துவோம் என்று வாஷிங்டனிலிருந்து போன் வந்தது. ஆகா, விரிசல் தானாகவே மூடிக்கொண்டது!

குளம் நிரம்பிய அன்று கரையெல்லாம் கூட்டம். ஆர்லீதா ஏணியில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பயிற்சியாளர் மிஸ் லண்டி விசில் ஊதினார். அவள் அசையவில்லை.

"ம்... நீந்து!" என்றார் டீன்.

"நீந்தத் தெரியாது சார்."

கரை முழுக்கச் சிரிப்பு. டீன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"தெரியாமத்தான் இந்த ஆர்ப்பாட்டமா?"

"எங்க போய்க் கத்துக்கச் சொல்றீங்க? எங்கண்ணன் ஆத்துலதான் கத்துக்கப் போனான். நீச்சலுக்கும் சேத்துத்தானே ஃபீஸ் வாங்கினீங்க? கத்துக் குடுங்க."

மிஸ் லண்டி விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, ஷூவோடு தண்ணீரில் இறங்கினார்.

ஜூனில் மற்றவர்கள் பட்டம் வாங்கினார்கள். அவள் குளத்தில் நீச்சல் பழகித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் குளத்தின் மறுகரையைத் தொட்டுத் தேர்வில் தேறினாள். பாலத்தையே மிதிக்காத அவள் அம்மா விளிம்பில் மண்டியிட்டு, ஈரத் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

டீன் அன்று வரவில்லை. தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.