உத்திரத்தில் தொங்கிய வள்ளம்

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. தேங்காய்ப்பட்டணத்து வீட்டில் நானும் மாமியும் கொழுந்தனும் இருந்தோம். அவருடைய வள்ளமும் இருந்தது. வள்ளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஆஞ்சிலி மரத்தடியைக் குடைந்தது, எட்டு முழ நீளம், இரண்டு பேர் ஏறினால் மூன்றாமவர் கரையில்தான் நிற்க வேண்டும். ஆற்றில் வலை வீசுவதற்கென்று அவரே குடைந்தது. என்னைப் பார்க்கும்போது இளகாத முகம் அதைப் பார்க்கும்போது இளகும். எனக்கு அதன்மேல் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

இடவப்பாதி என்கிற பருவமழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவரிடமிருந்து கடிதம் வந்தது. வள்ளத்தைச் சிதல், அதாவது கறையான், தின்னுமுன் விற்றுவிட வேண்டும், தான் வர இன்னும் நாளாகும் என்று எழுதியிருந்தது. கொழுந்தன் வாசித்துவிட்டு, "காக்கா நல்லதுக்குத்தான் சொல்லுதாரு மைனி. வாங்க ஆளும் உண்டு," என்றான். அண்ணனைக் காக்கா என்றும் என்னை மைனி என்றும்தான் அவன் கூப்பிடுவான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வள்ளம் வேண்டாம் என்பவருக்கு ஆற்றில் என்ன வேலை? ஆறு வேண்டாதவருக்கு ஊர் எதற்கு? கொழும்பிலேயே ஒரு கடை, ஒரு வீடு, ஒருவேளை இன்னொருத்தி என்று தங்கிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வள்ளம் இருந்தால் அவர் வருவார், விற்றால் வரமாட்டார். அன்று என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

முந்தின மழையில் முற்றத்தில் கவிழ்த்து வைத்ததில் சிதல் ஏறி அடிப்பக்கம் விரலகலம் அரித்திருந்தது. வீட்டுக்குள் தரையில் இடமில்லை. ஆனால் பின்பக்கம் இறக்கிய ஓலைச் சாய்ப்பில் நல்ல பனை உத்திரம் இருந்தது. அடுக்களைப் புகை அங்கே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். விதைப் பயற்றைப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டால் பூச்சி அண்டாது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்தது. பயற்றுக்குச் சரி என்றால் ஆஞ்சிலிக்கும் சரிதானே?

வள்ளத்தை மேலே தூக்கப்போகிறேன் என்றேன். "கோழிக்கூடா மைனி, தொங்கவிட?" என்று கொழுந்தன் சிரித்தான். ஆனாலும் நல்லவன். எங்கள் கிணற்றுக் கப்பியைக் கழற்றினான். கரையில் உடைந்து கிடந்த பாய்க்கப்பலிலிருந்து இரண்டு மரக்கப்பிகள் கொண்டுவந்தான். உத்திரத்தின் இரு முனையிலும் ஒவ்வொன்றைக் கட்டி, மூன்றாவதை மிச்சம் வைத்தான். இழுப்பதற்குக் கரைமடிக்காரர்கள் ஆறு பேரையும் அழைத்துவந்தான்.

கரைமடி என்பது கடலில் வளைத்து விட்ட வலையை இரண்டு கூட்டமாகக் கரையில் நின்று இரண்டு கயிற்றில் இழுப்பது. வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வரவேண்டும். இல்லாவிட்டால் மீன் தப்பிவிடும்.

முன்கயிற்றில் மூன்று பேர், பின்கயிற்றில் மூன்று பேர். "ஏலே, பிடிச்சோ!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். வள்ளம் இடுப்பளவு எழும்பியது. உடனே, யாரும் சொல்லாமலே, இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடக்கத் தொடங்கின. காலுக்குப் பழகிய பழக்கம்! முன்கயிறு சரிந்து கப்பியின் பள்ளத்தைவிட்டுத் தாவி இறுகிக்கொண்டது. பின்கூட்டமோ விடாமல் இழுத்தது. பின்பக்கம் கூரையில் முட்ட, முன்பக்கம் முடிச்சிலிருந்து நழுவித் தரையில் குத்தியது. ஓலை பொலபொலவென்று எங்கள் தலையில் கொட்டியது.

"மீனுண்டா பாருலே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"சாளை ஒண்ணுகூட இல்ல. போங்க எல்லாரும்!" என்று கத்தினேன்.

அவர்கள் போனபிறகு கொழுந்தன், "விட்டுருங்க மைனி. நாளைக்கு வாங்குற ஆளக் கூட்டிட்டு வாறேன்," என்றான். மாமி தரையில் கிடந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"உனக்க மாமாவும் கொழும்புக்குத்தான் போனாரு மோளே. அவருக்க வள்ளத்த நான்தான் வித்தேன். பிறவு அவரு வரல்ல."

மாமனார் இல்லை என்பது மட்டுமே எனக்குத் தெரியும். எங்கே, எப்படி என்று நான் கேட்டதில்லை. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலையில் நானே ஏணி வைத்து ஏறினேன். மிச்சமிருந்த கப்பியைப் பின்கப்பியின் பக்கத்தில் கட்டினேன். முன்கயிற்றை உத்திரத்தோடு பின்னுக்கு ஓட்டி அதன் வழியாக இறக்கினேன். இப்போது இரண்டு கயிறும் ஒரே இடத்தில் தொங்கின. இரண்டையும் ஒரே உலக்கையில் கட்டினேன். உலக்கை இறங்கினால் வள்ளத்தின் இரு முனையும் சேர்ந்துதான் ஏறியாக வேண்டும். நானும் மாமியும் அக்கம்பக்கத்தில் கயிறு திரிக்கும் நான்கு பெண்களும் உலக்கையைப் பிடித்துத் தொங்கினோம். வள்ளம் சரியாமல் தொட்டில்போல மேலே போனது. கயிற்றைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன். வாங்க வந்த ஆளைக் கொழுந்தனே வாசலோடு அனுப்பிவிட்டான்.

ஓதுபள்ளியில் படித்த அரபுத்தமிழில், அரபு எழுத்தில் தமிழாக, பதில் எழுதினேன். 'வள்ளத்தை விற்கவில்லை. உத்திரத்தில் தொங்குகிறது. எங்களுக்கு ஏற்றத்தான் தெரியும். இறக்க நீங்கள்தான் வரவேண்டும்.'

மழை முழுக்கப் பதிலில்லை. தினமும் ஒரு கம்பால் வள்ளத்தின் அடியைத் தட்டிப் பார்ப்பேன். சத்தம் கணீரென்று வந்தால் சிதல் இல்லை என்று மனசு ஆறும்.

ஓணம் கழிந்து ஒரு முற்பகலில் அவர் வந்து நின்றார். தன் உம்மாவுக்குச் சலாம் சொன்னார், பெட்டியை வைத்தார், நேரே சாய்ப்புக்குப் போனார். என்னை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

"இத ஆரு கட்டினது?"

"நான்தான்."

தூணிலிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தனியாகவே இறக்கினார். அடியைத் தடவினார். முன்பக்கச் சிராய்ப்பில் விரல் வைத்தார். பிறகு, "அடுத்த கப்பல்ல திரும்பி வாறேண்ணு கடையில சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார்.  தரையில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினேன்.

அவர் வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்தார். சாய்ப்பின் நடுவில், காய்ந்த தரையில், ஆற்றில் வலை வீசப் போகிறவர்போல.

"எனக்காக ஒரு கடிதம் எழுதுவியா?" என்று கேட்டார். "கொழும்புக்கு. நான் இனி வரல்லேண்ணு."

தாளை எடுத்து உட்கார்ந்தேன். எழுதிய அவசரத்தில் முதல் வரியிலேயே மை கொட்டிவிட்டது. மாமிதான் ஓடிப்போய் வேறு தாள் எடுத்துவந்து தந்தார்.